லூர்துராஜ் பார்க்க வந்தார்

தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை எடுத்த பிறகு, கண்டக்டர் தெய்வநாயகத்தைப் பார்க்க அவருடைய பஸ் பயணிகள் மாறி மாறி வந்தார்கள். ஒருவர் கஞ்சி கொண்டுவந்தார். இன்னொருவர் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எல்லோரையும் அவரால் கும்பிட மட்டுமே முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது லூர்துராஜ் வந்தார். அவரும் அந்த பஸ்ஸில் போய்வருபவர்; பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இவருக்கு நான் வெறும் குரல்தானே, இனி எப்படி என்னைத் தெரியும்? தெய்வநாயகத்துக்குப் பயமாகவும் இருந்தது, தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. மனைவி பவளத்தைப் பேசாதே என்று சைகையால் தடுத்தார். மற்றவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

லூர்துராஜ் கையை நீட்டினார். முதலில் அகப்பட்டது பக்கத்து வீட்டுக்காரரின் கை. "இது இல்ல" என்று சிரித்தபடி விட்டுவிட்டார். அடுத்த கையைத் தொட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"குரலத்தான எடுத்தாவ, அண்ணாச்சி? தினமும் என்னப் புடிச்சு எறக்கிவிட்ட கை இங்கதான இருக்கு!"

தெய்வநாயகத்தின் உடம்பு சத்தமில்லாமல் குலுங்கியது. அந்தக் குலுக்கம் லூர்துராஜின் கைக்கும் வந்தது.

"மதினி, அண்ணாச்சி சிரிக்காவளா, அழுவுதாவளா?"

பவளம் குனிந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.