மணிவேலுக்குத் திருப்தி இல்லை

"ஏம்ப்பா மணிவேல், நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லு. எங்ககிட்ட ஒண்ணுமே கத்துக்கலையா நீ?"

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த வேகத்திலேயே கேட்டார் சுமதி மேடம். அரியலூரில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் சொல்லித்தரும் மையம் ஒன்றுக்கு அவர்தான் பொறுப்பாளர். கையில் மணிவேல் எழுதிய கடிதம்.

'ஆறு மாதப் பயிற்சியால் ஒரு பயனும் இல்லை. எதிலும் திருப்தி இல்லை. நேரில் வந்து விசாரிக்கவும்.'

திங்கட்கிழமை மேலிடத்து ஆய்வு. தீராத புகார் ஒன்று கிடந்தாலும் போதும், அடுத்த பேட்ச் இருபது பேருக்கு அனுமதி நின்றுபோகும். அதனால்தான் திருமழபாடிக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்ன ஊருக்குச் சனிக்கிழமையே ஓடி வந்திருந்தார்.

மணிவேல் அசரவில்லை. போலியோவில் சூம்பிய கால்களை மடக்கிப் பாயில் உட்கார்ந்து, யார் வீட்டு மிக்ஸியையோ பிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் டேபிள் ஃபேன்கள்.

"உள்ள ஒரே புழுக்கம் மேடம். வாசலுக்கு வாங்க, பேசுவோம்."

"பதினோரு ஃபேன் வெச்சிருக்க, புழுக்கமா?"

"எல்லாம் ரிப்பேருக்கு வந்தது மேடம்."

மேடத்துக்கு வாசலில் சேர் போடச் சொல்லிவிட்டு, கையை ஊன்றி அவனும் வெளியே வந்தான்.

ஆபீஸ்காரர் ஒருவர் ஒரு வீட்டு வாசலில் சத்தமாகப் பேசினால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வருகிற தெரு அது. எதிர்வீட்டு கிருஷ்ணம்மாள் கையில் முறத்தோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மகள் மலர்க்கொடி. பிளஸ் டூ முடித்து மூன்று வருஷமாக வீட்டிலேயே இருக்கிற பெண். இடது கையில் பிறவியிலேயே விரல்கள் இல்லை. அந்தக் கை எப்போதும் துப்பட்டாவுக்குள்தான் இருக்கும்.

"என்னத்தக் கத்துக் குடுத்தீங்க?" மணிவேல் குரலை உயர்த்தினான்.

"என்னத்தையா? ஸ்க்ரூடிரைவர எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாம வந்தவன்ப்பா நீ!"

"சாப்பாடாவது ஒழுங்கா போட்டீங்களா?"

"எட்டு கிலோ ஏறித்தானே ஊருக்கு வந்த? சட்ட பட்டன் தெறிச்சிடுச்சுன்னு எங்கிட்டதானே ஊசிநூல் வாங்குன?"

தெரு சிரித்தது. "நன்றி கெட்ட பய," என்றது ஒரு குரல்.

"ஹாஸ்டல்ல வயசுப்பொண்ணுங்கள நம்பி வுட முடியுமா?"

"நீ எப்பய்யா வயசுப்பொண்ணான?" என்று கேட்டாலும் சுமதி மேடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "பொண்ணுங்களுக்குத் தனிக் கட்டடம். நானே அங்கதான் தங்குறேன். கேட்டப் பூட்டி, சாவிய என் தலமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் படுப்பேன், தெரிஞ்சுக்க!"

"சரி, கம்ப்யூட்டர் கிளாஸ்னு ஒண்ணு நடத்துறீங்களே. ஒத்தக் கையால எவன் டைப் அடிப்பான்?"

மேடம் போனை எடுத்து, மையத்தின் பழைய மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜரீனா, லப்பைக்குடிக்காட்டுக் கடையிலயா இருக்க? வேல எப்படிம்மா போகுது?"

"அல்ஹம்துலில்லாஹ், நிமிர நேரமில்ல மேடம். பத்திரம் ஒண்ணு அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஒத்தக் கையாலதானே?"

"ஏன், இன்னொரு கைய பார்சல்ல அனுப்பினீங்களா? இன்னும் வந்து சேரலையே!"

தெரு மறுபடி சிரித்தது. இந்தத் தடவை மலர்க்கொடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவைத் தாண்டி முன்னால் வந்தாள். துப்பட்டா விலகி, இடது கை வெளியே தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"மேடம், எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

சுமதி மேடம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "அதுக்குத்தானேம்மா உக்காந்திருக்கோம்."

கிருஷ்ணம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சாவி நெசமாவே ஒங்க தலமாட்டுலதான் இருக்குமா?"

"ரெண்டு நாள் நீங்களும் கூட வந்து தங்கிப் பாருங்க."

"அப்ப சரி. புது பேட்ச் என்னைக்குன்னு சொல்லுங்க, நானே கூட்டியாரேன்."

"புது பேட்சா? இவன் புகார் இருக்கிற வரைக்கும்..." என்று மேடம் திரும்பினார்.

மணிவேல் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். புகாரை வாபஸ் வாங்கும் கடிதம். கையெழுத்தோடு, காலையிலேயே எழுதி வைத்தது.

மேடம் அதைப் படித்தார். எதிர்வீட்டு அம்மாவையும் மகளையும் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

"அடப்பாவி! இதுக்கா?"

"நான் சொன்னா கிருஷ்ணம்மா சின்னம்மா எங்க கேக்குது? 'நீ ஆம்பளப்புள்ள, போயிட்டு வந்துட்ட'ங்குது. நீங்க வந்து சொன்னாத்தான் நம்பும்னு தெரியும்."

"அத நேரா சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? இப்படியா அலைய விடுவ?"

மணிவேல் தலையைச் சொறிந்தான்.

"போன மாசம் ஆபீசுக்கே வந்து, 'எல்லாத்துலயும் திருப்தி'ன்னு எழுதிக் குடுத்துட்டுத்தானே மேடம் கூப்புட்டேன்? 'திருப்தின்னு எழுதினவங்க வூட்டுக்கெல்லாம் நாங்க வர்றதில்லப்பா'ன்னு நீங்கதான் அனுப்பி வெச்சீங்க."