நாலு இஞ்சு ஸ்பேசர்

"ரெண்டு இஞ்சு போதும்யா. அதுக்கு மேல போட்டா அச்சுக்குத்தான் கஷ்டம்."

உதிரிபாகக் கடைக்காரர் மேசைமேல் இரண்டு இரும்பு வளையங்களை வைத்தார். ஸ்பேசர் என்பார்கள். டிராக்டரின் பின்சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் மாட்டி முடுக்கினால், சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். ஆள் காலை அகட்டி நிற்பதுபோல வண்டி நிற்கும், லேசில் சாயாது.

பெரியவர் வளையத்தைச் சாவியால் ஒரு கீறு கீறிப் பார்த்தார். மேசையில் தட்டிச் சத்தம் கேட்டார். கடைக்காரர் அளவு டேப்பை நீட்டினார். பெரியவர் அதைத் தொடவே இல்லை. தன் சட்டைப் பையிலிருந்து சொந்த டேப்பை எடுத்தார்.

"உன் டேப்பு உன் பக்கம்தான் பேசும்."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நிலையில் அவள் வரவில்லை. போன மாதம் சரிவு நிலத்தில் உழும்போது குட்டி டிராக்டரின் ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. எழுபத்து மூன்று வயது மனுஷன் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தொங்கியதை வரப்பில் நின்று பார்த்தவள் அவள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

அவருக்கு ஒன்றுமில்லை. மண் இளகியிருந்தது என்று மண்மேல் பழியைப் போட்டுவிட்டார். சரிவை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டை ஒட்டின சமநிலத்தை மட்டும் உழுங்கள் என்று கெஞ்சினாள். தன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்த பிறகு விட்டுக்கொள் என்றார். சாவியை ஒளித்தாள். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். சரிவுக்குப் போகும் வாய்க்கால் பாலத்தில் கேட் போட்டுப் பூட்டலாம் என்று அளவெடுத்து, வெல்டரைக் கூட்டிவந்தாள். வந்த வெல்டர் அவர் போட்ட சத்தத்தில் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அப்படிப்பட்டவர் நேற்று ராத்திரி தானாகவே, சக்கரத்தை அகலப்படுத்தப்போகிறேன், நீயும் வா என்றார். சரிவை விடமாட்டார். சாயாமலாவது ஓட்டட்டும் என்று கிளம்பி வந்திருந்தாள்.

"நாலு இஞ்சு எடு," என்றார் பெரியவர்.

கடைக்காரர் மறுத்தார். சின்ன வண்டி, இருபத்து நாலு குதிரைசக்தி, இரண்டு இஞ்சே தாராளம் என்று படம் போட்டுக் காட்டினார். நாலுக்கு விலையும் ஏறக்குறைய இரட்டிப்பு என்றார். பெரியவர் அசையவில்லை. விற்காமல் கிடக்கும் சரக்கைத் தன் தலையில் கட்டப் பார்ப்பதாகக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மகளுக்கு அதிசயமாக இருந்தது. செருப்பு வாங்கினாலும் விலை குறைந்ததைத் தேடி எடுக்கிறவர். விலை கூடினதுக்காக ஏன் இந்தச் சண்டை? ரெண்டுக்கும் நாலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? சும்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இப்போது வண்டியின் பின்பக்க அகலம் நாலடி. இரண்டு பக்கமும் நாலு நாலு இஞ்சு சேர்ந்தால் நாலடி எட்டு.

பாலம் நாலரை அடிதான். இரண்டு பக்கமும் கட்டைச் சுவர்.

மனுஷன் பாலத்தை மறந்துவிட்டார். இந்த வண்டி இனி வாய்க்காலைத் தாண்டாது. நாலு பேர் முன்னால் சண்டை போட்டு வாங்கினதைத் தப்பு என்று திருப்பிக் கொண்டுவருகிற ஆளும் இல்லை அவர்.

கடைக்காரர் இறங்கி வந்து மூன்று இஞ்சுக்குப் பேரம் பேசினார். அவள் குறுக்கே விழுந்தாள்.

"நாலே குடுங்க. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பெரியவர் திரும்பி அவளை ஒரு மாதிரி பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை.

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, சமநிலத்தில் மெதுவாக ஓட்டினால் தாங்கும், பாரம் மட்டும் ஏற்றாதீர்கள் என்று சொல்லி நாலு இஞ்சு வளையங்களை வாசலில் நின்ற வண்டியில் மாட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கொடுத்தார். போல்ட்டை அவன் முழுசாக முடுக்குகிறானா என்று பார்க்கப் பெரியவரும் பின்னாலேயே வெளியே போனார். ஒவ்வொரு போல்ட்டையும் அவர் கையால் ஆட்டிப் பார்ப்பது உள்ளேயிருந்து தெரிந்தது.

மகள் மேசைப் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, ஒரு உதவி. இதை மாட்டினா வண்டி எங்க பாலத்துல போகாது. அப்பாவுக்கு அது ஞாபகம் இல்ல. நீங்க பாட்டுக்கு அவர்கிட்ட எதையாவது கேட்டு ஞாபகப்படுத்திடாதீங்க. அந்தச் சரிவுக்கு அவர் இனிமே போகக் கூடாது."

கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து காலையிலேயே வந்துட்டாரும்மா. 'பாலம் நாலரை அடி, அதுல போகாத சைஸு எது'ன்னு கேட்டாரு. 'நாளைக்கு என் பொண்ணோட வர்றேன், அவ முன்னாடி நீ ரெண்டுன்னே நில்லு, நான் சண்டை போட்டு நாலு வாங்கிக்கறேன்'னாரு. அந்தச் சரிவுல ஏறினா இப்பல்லாம் கை நடுங்குதாம். 'நான் பயந்துட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதப்பா'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு."