இன்னும் கொஞ்சம் வெளிச்சம்

“கதவை உதைச்சா லிஃப்ட் நகராது சார். கால்தான் வீங்கும்” என்றாள் அந்தப் பெண்.

புகைப்படக்காரர் காலை இறக்கினார். நெற்றி, கழுத்து, உள்ளங்கை என்று வியர்வை ஊற்றியது. தோளில் கேமராப் பை, கையில் முக்காலி, நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும் இரும்புப் பெட்டி. சின்ன வயதிலிருந்தே அடைபட்ட இடம் என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

அவசர மணியை அழுத்தி அழுத்தி விரல் சிவந்துவிட்டது. வெகு கீழேயிருந்து காவலாளியின் குரல் கிணற்றுக்குள் பேசுவதுபோல் வந்தது. “மெக்கானிக் வந்துட்டே இருக்காரு. கொஞ்சம் பொறுமையா இருங்க!”

“பொறுமையாம் பொறுமை! மூணு வருஷமா வேற என்ன செஞ்சிட்டு இருக்கேன்?” என்று இவர் மேலேயிருந்து கத்தினார்.

அவள் நான்காவது மாடியில் ஏறிக்கொண்டவள். இஸ்திரி கலையாத புடவை, வெறுங்கை. கடைசி மாடியை நெருங்கும்போது பெட்டி குலுங்கி நின்றது, விளக்கு மங்கியது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?”

“எனக்கென்ன பயம்? நீங்க முதல்ல கீழ உக்காருங்க. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க.”

சொன்னபடி உட்கார்ந்தார். அவளும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் தன் கைபேசியை நீட்டினார். “வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தேடப்போறாங்க.”

“தேட மாட்டாங்க. அப்படி மேல என்ன சார் அவசரம் உங்களுக்கு?”

கேட்டதுதான் தாமதம், மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றால் ஊருக்கு அப்பால் இரட்டை மலை தெரியும். வருஷத்தில் சில நாட்கள்தான் சூரியன் சரியாக அந்த இரண்டுக்கும் நடுவே இறங்கும். அந்த ஒரு படத்துக்காக ரயிலேறி வருகிறார். முதல் வருஷம் புழுதி, போன வருஷம் மேகம். இன்று மத்தியானம் மழை பெய்து வானத்தைத் துடைத்து வைத்திருக்கிறது. இவரோ பெட்டிக்குள் கிடக்கிறார்.

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சொல்வாங்க. எனக்குப் பூசாரி இந்த லிஃப்ட்!”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே திகைப்பாக இருந்ததுபோல் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்தப் பழைய படங்களைக் காட்டுங்களேன்.”

கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். பழுப்புப் புழுதி. சாம்பல் மேகம். ஒரு படத்தில் குறுக்கே பறந்த காக்கா மட்டும் தெளிவாக இருந்தது, மலையைக் காணோம்.

“ஒண்ணுகூட உருப்படியா இல்லையே சார்!”

“என் சம்சாரமும் இதையேதான் சொல்றா.”

“அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப வர்றீங்க?”

இப்படி நேராக யாரும் அவரைக் கேட்டதில்லை. தலையைச் சொறிந்தார்.

“தெரியலம்மா. ஒவ்வொரு தடவையும் மூட்டையைக் கட்டிடலாம்னுதான் தோணும். ஆனா நான் கிளம்பின மறுநாள் பார்த்து வானம் திறந்துட்டா? அதை நெனச்சா வயிறு எரியும். சரி, இன்னும் ஒரே ஒரு நாள்னு இருந்துடுவேன்.”

அவள் கேமராவை வாங்கி அந்தக் காக்காவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவிடுக்கில் நூல்போல விழுந்திருந்த வெளிச்சம் மஞ்சளிலிருந்து சிவப்பானது. அப்புறம் அதுவும் இல்லை. புகைப்படக்காரர் முழங்கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டார். “போச்சு” என்றார். அழுகிறாரா என்று அவள் குனிந்து பார்த்தாள்.

மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இருவரும் படிக்கட்டில் இறங்கினார்கள். மாடிக்கு மாடி அவர் தன் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“என்னை மாதிரி அதிர்ஷ்டங்கெட்டவன் உலகத்துல இருக்க மாட்டான். ஆனா ஒண்ணும்மா, நீங்க மட்டும் கூட இல்லேன்னா நான் உள்ளேயே செத்திருப்பேன்.”

நான்காவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு பூட்டாமல் திறந்து கிடந்தது. அவள் அங்கே நின்றாள்.

“நாளைக்கும் வருவீங்களா சார்?”

“வராம இருப்பேனா? நாளைக்கும் சூரியன் அங்கதான் இறங்கும். ஆனா ஒண்ணு, படியேறித்தான் வருவேன்.”

“போகும்போது இந்தக் கதவைத் தட்டுங்க. நானும் வந்து பார்க்கிறேன்.”

“தாராளமா! இங்கேயே குடியிருந்துக்கிட்டு மொட்டை மாடிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லையா நீங்க?”

அவள் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னைக்குத்தான் கிளம்பினேன் சார், திரும்பி இறங்கற எண்ணமில்லாம.”