ஆறு நிமிட அக்கா

இரட்டையரில் காந்திமதி ஆறு நிமிடம் பிந்திப் பிறந்தவள். அந்த ஆறு நிமிட மூப்பில் சிவகாமியே அவளுக்காக எல்லாவற்றையும் முடிவு செய்தாள். கொடைக்கானலில் மாப்பிள்ளை பார்த்ததும் அவள்தான். இப்போது தங்கை விதவையானதும் தான் வாழும் தூத்துக்குடிக்கு அழைத்துப்போக வந்திருந்தாள்.

"மூத்தவ சொல்லுதேன், வீட்ட வித்துட்டுக் கெளம்புட்டி."

மலையில் காலம் ஓடுவதைத் துல்லியமாக அளக்கக் காந்திமதியின் வீட்டில் பத்து நாள் வைத்திருந்த அணுக்கடிகாரத்தை எடுக்க, ஆராய்ச்சியாளர் நிலோஃபர் அன்றுதான் வந்தாள்.

"உயரத்துல காலம் வேகமா ஓடும்மா. தூத்துக்குடியில வச்ச கடிகாரத்தவிட இது முந்திடுச்சு. ஒரு நொடியை அம்பது லட்சமாப் பிரிச்சா, அதுல ஒரு பங்கு."

"நாப்பது வருஷமா இங்க இருக்கிற நான்?"

"அக்காவைவிட ஒரு துளி கூடுதலா வாழ்ந்திருக்கீங்க."

காந்திமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேட்டியாக்கா? உன் ஆறு நிமிஷம் தேஞ்சிக்கிட்டு வருது. நான் எறங்கி வர மாட்டேன்."

சிவகாமி தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள்:

"நானும் இங்கயே இருந்துட்டா?"

"தாராளமா இரு. ஆனா நான் முந்துனது முந்துனதுதான்."