பூஞ்சை தொடாத இடம்

கண்ணாடித் தட்டு முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. நடுவில் மட்டும் ஒரு கட்டைவிரல் அளவுக்கு வெறுமை.

"யாரு கை வெச்சது?" என்று கேட்டார் மேடம்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழே நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் கூரையைப் பார்த்தோம்.

பூஞ்சை வளர்க்கும் தட்டைத் திறந்து விரல் வைப்பது இங்கே கொலைக்குச் சமம். தட்டு கழுவும் எனக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்தது வந்தால் நேராக வீட்டுக்குத்தான்.

மேடம் தட்டை வெளிச்சத்தில் திருப்பினார். அந்த வெறுமையின் நடுவே கொழகொழவென்று வெள்ளைப் படலம். பூஞ்சை அதை நெருங்கவேயில்லை. வேலி கண்ட மாடுபோல் சுற்றிலும் நின்றுவிட்டது.

"திட்ட மாட்டேன். இது பாக்டீரியா. தக்காளி இலையைக் கருக்குற பூஞ்சையைக் கிட்டவே சேக்கல. மண்ணுலேர்ந்து வந்ததுன்னா வயல்ல தெளிச்சுப் பாக்கலாம். யாரோட தோல்லேர்ந்தோ வந்ததுன்னா குப்பைதான். சாயந்தரத்துக்குள்ள எனக்குத் தெரியணும்."

மூன்று வருடமாக இதைத்தான் தேடுகிறார்.

போன மாதம் கைக்கெட்டியது. கண்ணாடிக் குடிலில் நாற்பது தக்காளித் தொட்டிகள். ஒவ்வொரு தண்டிலும் அவரே எண் எழுதிக் கட்டிய மஞ்சள் அட்டை. எல்லாவற்றுக்கும் பூஞ்சையைத் தெளித்தார். முப்பத்தொன்பது கருகின. ஒன்று மட்டும் புள்ளிகூட இல்லாமல் நின்றது.

வேர்மண்ணை எடுத்துப் பார்ப்பதற்குள் அது தொட்டியோடு காணாமல் போனது. வாசல் காவலரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மனுஷனுக்குத் தக்காளி என்றாலே ஆகாது.

"நான்தான் மேடம்" என்றேன். "ஜெல்லி மாதிரி இருக்கான்னு தொட்டுப் பாத்தேன்."

"நக்கிப் பாக்காம விட்டியே, அதுவரைக்கும் புண்ணியம்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

மேடம் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தார். "அன்னைக்குக் காலைல இங்க வர்றதுக்கு முன்னாடி எதைத் தொட்டீங்க?"

"வீட்ல ஒரு செடி இருக்கு. ஈரம் இருக்கான்னு தினமும் மண்ணுல கட்டைவிரலை அழுத்திப் பாப்பேன்."

"என்ன செடி?"

"தக்காளி."

பேனா ஓடியது. "இலையில புள்ளி?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்."

பேனா நின்றது. மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்கேர்ந்து வாங்குனீங்க?"

நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். வாசலில் காவலர் நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடந்தது.

மற்றதெல்லாம் செத்தபோது அது மட்டும் ஏன் சாகவில்லை என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மஞ்சள் அட்டையைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை.