அந்த வலி இல்லை

பரிசோதனை மேசையின் இரும்புத் தாங்கியில் இடது கால் ஏறிவிட்டது. வலது கால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஜன்னல் வெயில் ஸ்டீல் தட்டில் பட்டுக் கண் கூசுகிறது. "நல்லா விரிம்மா, இதுக்கே இப்படின்னா பிரசவத்துக்கு என்ன பண்ணுவே?" நர்ஸ் முட்டியைப் பிடித்து அழுத்துகிறாள். எட்டு மாத வயிற்றோடு படுத்திருக்கும் தையல்காரி துணியை ஆளின் அளவுக்குத்தான் வெட்டுவாள். இங்கே மேசையின் அளவுக்கு ஆளை வெட்டப் பார்க்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள்: "சிஸ்டர், இடுப்பு வலிக்குது." அவ்வளவுதான். "டாக்டர், வலி வந்துடுச்சு!" என்று நர்ஸ் கத்துகிறாள். கதவு படாரென்று திறக்கிறது, தள்ளுவண்டி கடகடவென உருண்டு வருகிறது, வெளியே காத்திருந்த மாமியார் பையை அணைத்துக்கொண்டு ஓடிவருகிறாள், டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே வந்து நிற்கிறாள். "ஐயோ, அந்த வலி இல்ல டாக்டர். மூட்டு வலி. சின்ன வயசுலேர்ந்தே இந்த இடுப்பு மூட்டு திரும்பாது. பிரசவத்தப்ப எப்படிப் படுக்கிறதுன்னு வர்றப்பல்லாம் கேக்கறேன், யாருமே காதுல வாங்கல." "அட, அதுவா?" கையுறை கழல்கிறது. தள்ளுவண்டி திரும்பிப் போகிறது. "அது எப்பவும் இருக்கிறதுதானேம்மா, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று மாமியாரும் மூச்சு வாங்குகிறாள். அந்த வலிக்கு அத்தனை ஓட்டம். இந்த வலிக்கு ஒரு 'அதுவா'. தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இடது காலைத் தானே இறக்கி, அவர்களுக்கு முதுகு காட்டி ஒருக்களித்துப் படுத்து, தலையணையை உருவி முட்டிகளுக்கு நடுவே செருகுகிறாள். "நான் இப்படித்தான் பெத்துக்கப் போறேன். என் மூட்டு திரும்பாது டாக்டர். நீங்க இந்தப் பக்கம் திரும்பி வாங்க."