ஐம்பத்துநான்காவது தலை

லண்டன் ஸ்ட்ரெதம் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கிலிருந்து வருடந்தோறும் லூர்துக்குப் போகும் யாத்திரை பஸ்ஸில் தலை எண்ணுவது ஜசிந்தாவின் பொறுப்பு. ஆளுக்கொரு மணியாகச் செபமாலையை உருட்டுவாள். அருள்நிறை மணிகள் ஐம்பத்துமூன்று, போன வருடம் ஆட்களும் ஐம்பத்துமூன்று. வழியில் மொந்தர்சேல் என்ற பிரெஞ்சுச் சிற்றூரில் மதியம் சாப்பிட்டு ஏறியபோது, மணிகள் முடிந்தும் ஒரு தலை மிஞ்சியது. எல்லாம் தெரிந்த முகங்கள். தன் பிழைதான் என்று விட்டுவிட்டாள்.

இன்று இந்த வருடக் கையேட்டுக்காக அந்த ஊரின் வரலாற்றைக் கணினியில் வாசித்தாள். இரண்டு குன்றுகள், நடுவே ஓர் ஓடை, எண்ணூறு வருடப் பழைய தேவாலயம். யுத்தத்துக்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் சனத்தொகை எண்பத்தேழுதான். போன வருடம் மட்டும் எண்பத்தாறு.

"ஆரும் செத்திருப்பினம்," என்றார் கணவர் அன்ரன், தேத்தண்ணியை மேசையில் வைத்தபடி. "நீர் ஒரு விசயத்தைப் பிடிச்சால் விடமாட்டீர்."

"சாகேல்லையாம். ஒராளைக் காணேல்லையாம்."

போன வருடம் புறப்படுமுன் பங்குத்தந்தை எடுத்த படத்தைத் திறந்தாள். ஐம்பத்துமூன்று பேரும் பஸ்ஸின் முன்னால் நின்றார்கள். விரல் வைத்து இரண்டு முறை பார்த்தாள். மொந்தர்சேலிலிருந்து பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கையில் வந்த அன்ரன் அதில் இல்லை.

"இந்தமுறை அந்த ஊரிலை பஸ்ஸை நிப்பாட்ட வேண்டாம்," என்றார் அவர்.

"ஏனப்பா?"

"என்னைத் தேடுவினம்."

எதிர்ச் சுவரில் அவர்களுடைய கலியாணப் படம் தொங்கியது. ஜசிந்தா தலையை நிமிர்த்தவில்லை.